முத்தல்

கம்பம் உழவர் சந்தை வாசலில் என் மேசை.
மஞ்சள் டோக்கன் கட்டு, மை காய்ந்த முத்திரை,
ஒரு பேரேடு.
ஐம்பது ரூபாய் தந்தால்
நூறு ரூபாய்க்குக் காய் வாங்கலாம்.
மீதி ஐம்பதை ஏதோ ஓர் அறக்கட்டளை தருகிறது.
யாரென்று நான் பார்த்ததில்லை.

மாதம் முந்நூறு டோக்கன்.
ஏப்ரலில் போனது எண்பத்தொன்று. மே மாதம் எழுபது.
பேரேட்டின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் ‘காரணம்’.
‘பயனாளிகள் வரவில்லை’ என்று
குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன்.
ஆய்வுக்கு வந்தவர் படித்துவிட்டுச் சொன்னார்:
“அப்ப இந்த ஊர்ல கஷ்டம் இல்லைன்னு அர்த்தம்.”

சந்தை ஆறுக்குத் திறந்து பதினொன்றுக்குள் வாடிவிடும்.
பயனாளிகள் நாலரைக்கே ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.
எட்டுப் பேர் வண்டியில் பதினாறு பேர்,
மடியில் தூக்குவாளி,
கம்பம்மெட்டு வளைவுகளில்
ஒருத்தி தோளில் இன்னொருத்தியின் உறக்கம்.
பின்னாலேயே மினி லாரியில்
நம்மூர்ப் பீன்சும் பீட்ரூட்டும் அதே மலை ஏறும்.
அந்தப் பக்கம் காய்க்கு ஒரு விலை.
ஏலக்காய் பறிக்கும் கைக்கு ஒரு விலை.
சாயங்காலம் கை மட்டும் திரும்பி வரும்.

சிக்னலில் இறங்கும் கைக்குக் கிடைப்பது
தள்ளுவண்டியின் கடைசிக் கூறு:
அழுகின ஓரம் வெட்டிய தக்காளி, பத்து ரூபாய்.

ஜூனில் ஒருநாள் மேசையைக் கிளப்பினேன்.
கிளப்பினேன் என்றால்,
மொபட் பின்னால் கட்டிக்கொண்டு போனேன்.
நாலு மணி. ஜீப் ஸ்டாண்டு.
டிரைவர் காஜாமைதீன் ஹெட்லைட்டை எரியவிட்டார்.
“வெரசா எழுதுங்க சார், பேட்டரி போயிரும்.”

விருமாயி. வீட்டில் ஐந்து பேர்.
“என்ன காய் வேணும்?”
“இருக்கிறதப் போடுங்க.”
“இருக்கிறதுல என்ன வேணும்?”
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
“கழிச்ச காயா?”
“இல்ல.”
“அப்ப வெண்டைக்கா அரைக்கிலோ.
சின்னவனுக்குக் கணக்கு வர மாட்டேங்குது.”

முப்பத்தேழாம் கடை ஒச்சம்மா பை கட்டினாள்.
பைக்கு ஒரு பெயர்ச்சீட்டு.
டீக்கடைச் சாரத்துக் கம்பியில்
இருபத்து மூன்று பைகள் பகல் முழுக்கத் தொங்கின.
ஏழு மணிக்குக் கம்பி காலி.

மறுநாள் முதல் ஆளாய் நின்றாள் விருமாயி.
கையில் ஒரே ஒரு வெண்டைக்காய்.
ஹெட்லைட் வெளிச்சத்தில் பிடித்து
அதன் நுனியை வளைத்தாள்.
ஒடியவில்லை.
வளைந்து, வளைந்தபடியே நின்றது.

“நானும் காசு குடுத்திருக்கேன்.
பாதிக் காசுன்னாலும் காசுதான்.
முத்தலத் தள்ளிவிட்டிருக்கா, கேளுங்க அவள.”

இந்த வேலையில் சேர்ந்து மூன்று வருடம்.
நன்றி கேட்டிருக்கிறேன், கும்பிடு வாங்கியிருக்கிறேன்.
ஒருவரும் என்னிடம்
காய் சரியில்லை என்று சொன்னதில்லை.

ஒச்சம்மாவிடம் கொண்டுபோனேன்.
“இருட்டுல பறிச்சா ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும்.
ஒண்ணத்தான கொண்டாந்தா?
மிச்சத்த ஆக்கித் தின்னுட்டால்ல?”
சொல்லிக்கொண்டே
அடுத்த பைக்கான காய்களை
ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்த்தாள்.
சடக். சடக். சடக்.
ஒன்று வளைந்தது. கூடைக்குப் பின்னால் எறிந்தாள்.

இருபதாம் தேதியே முந்நூறும் தீர்ந்தது.
இருபத்தொன்றாம் தேதியும் ஜீப்புகள் நின்றன.
விருமாயி ஐம்பது ரூபாயை நீட்டினாள்.
நான் முத்திரையை மூடினேன்.
காஜாமைதீன் விளக்கை அணைத்தார்.

ஜூன் மாதத்துக் ‘காரணம்’ இன்னும் காலி.
பேனா தேடி டிராயரைத் திறந்தால்
உருண்டு வருகிறது அந்த ஒற்றை வெண்டைக்காய்,
காய்ந்து, மரக்குச்சி மாதிரி.
எடுத்து ஆட்டினால்
உள்ளே விதை குலுங்குகிறது.